பலகைப் பாதையில் கார்ப் பந்தயம்

கேள்வி: 1916இல் அமெரிக்கச் சம்பியன் பட்டத்துக்கான கார்ப் பந்தயங்கள் பல, மரப் பாதைகளில் நடந்தனவாமே. மரம் எப்படித் தாங்கியது?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: நெடுநாள் தாங்கவில்லை. அவ்வாண்டு பீஜோ காரில் பட்டம் வென்ற டாரியோ ரெஸ்டா, இண்டியானாபொலிஸ் செங்கல் பாதையிலும் சிகாகோ பலகைப் பாதையிலும் முதலாவதாக வந்தார். அருமையான ஓட்டுநர்!

பலகைப் பாதை அமைக்க, 2க்கு 4 அங்குல மரச் சலாகைகளைப் படுக்கவைக்காமல், 2 அங்குல விளிம்பு மேலே தெரிய நிறுத்தி நெருக்கி அடித்தார்கள். வளைவுகள் சரிவாக உயர்ந்திருந்ததால் வேகத்தை அதிகம் குறைக்காமலே திரும்பலாம். ஆனால் வெயிலிலும் மழையிலும் மரம் உக்கும், ஆணி கழலும், சிராய் தெறித்து ஓட்டுநரின் முகத்தில் குத்தும். எஞ்சின் எண்ணெய் சிந்தினால் டயர் வழுக்கும். கொழும்பு ஈரத்துக்கு இன்னும் விரைவாக உக்கியிருக்கும். சில ஆண்டுகளிலேயே பலகை மாற்ற வேண்டிவந்தது. அந்தச் செலவைத் தாங்காமல் பல பாதைகள் மூடப்பட்டன.