சக்கர் என்னும் ஆட்டச் சுற்று முடிந்து வரும் போலோ குதிரையை எப்படிக் கவனிப்பது?

கேள்வி: ஆட்டம் முடிந்து மூச்சிரைக்க வரும் குதிரைக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்? உடனே தண்ணீர் காட்டலாமா?

முதலில் வயிற்று வாரையும் மூக்குப்பட்டையையும் தளர்த்துங்கள். ஒரு சக்கர் 7 நிமிடம்தான், ஆனால் அது முழுக்கப் பாய்ச்சலும் திடீர் நிறுத்தமும். மூக்குத்துளை விரிந்து, விலா ஏறி இறங்கும். சேணத்தைக் கழற்றி நிழலில் நிறுத்தி, கழுத்து, மார்பு, தொடைகளின் உட்புறம் என்று குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரத்துணியைப் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். பிறகு மெதுவாக நடத்துங்கள். ஓய்வில் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். நீர் ஊற்றி நடத்தியும் அரைமணி நேரத்தில் மூச்சு தணியவில்லை என்றால் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

தண்ணீர் தாராளமாகக் காட்டலாம். சூடான குதிரை குடித்தால் வயிற்றுவலி வரும் என்பது பழைய பயம். நீர் இழந்த குதிரைக்குத் தண்ணீரை மறுப்பதுதான் ஆபத்து. தீவனம் மட்டும் மூச்சு தணிந்த பிறகு.

அடுத்தது கால்கள். இதில் அவசரமே கூடாது. பேண்டேஜை அவிழ்த்து, முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாண் மீது விரலை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வெதுவெதுப்போ சிறு புடைப்போ தட்டுப்பட்டால், நொண்டாவிட்டாலும் அன்று அதை மறுபடி ஆட்டத்துக்கு அனுப்பக் கூடாது. பேண்டேஜை ஓரிடத்தில் மட்டும் இறுக்கிக் கட்டினாலும், முடிச்சு தசைநாண் மேல் விழுந்தாலும் இதே புடைப்பு வரும். முடிச்சு எப்போதும் காலின் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

கடைசியாகக் குளம்பைத் தூக்கி, லாடம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மட்டையில் சிக்காதிருக்க மடித்துக் கட்டிய வாலையும் அவிழ்த்துவிடுங்கள்.