ரோபோ வந்த பிறகு டைட்டர் பார்க்க ஆள் எதற்கு? நாமக்கல் அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணா, உங்கள் மெசேஜை ரெண்டு தடவை படித்தேன். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க், பயோடெக் படித்துத் தடுப்பூசி ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். மச்சான் ஒருவர் "அந்த லேபுல எல்லாம் ரோபோ வந்தாச்சு, இனி மனுஷனுக்கு என்ன வேலை" என்று கொளுத்திப் போட்டுவிட்டார். போதாததற்கு, வைரஸோடு வேலை என்றால் பிள்ளைக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்று வீட்டில் அம்மாவுக்குத் தூக்கமில்லை. இதுதானே?

முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிற உங்களுக்கு டைட்டர், அதாவது நோயை எதிர்க்கிற சக்தி ரத்தத்தில் எவ்வளவு என்று காட்டுகிற எண், என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோழிக்கு லசோட்டா தடுப்பு மருந்து கொடுத்து ரெண்டு மூணு வாரம் கழித்து ரத்தம் எடுத்து அனுப்புகிறீர்கள், ராணிக்கெட் நோய்க்கு டைட்டர் இவ்வளவு என்று தாள் வருகிறது. அந்த எண் பிறக்கிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழி, எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. ஒரு சாம்பிளுக்கு ஒரு வரிசை. முதல் குழியில் உங்கள் கோழியின் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீர், அடுத்ததில் அதில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி என்று நீர்த்துக்கொண்டே போவார்கள். அப்புறம் அளந்து வைத்த வைரஸ், அரை மணி நேரம் பொறுத்துக் கோழிச் சிவப்பணு. ஒவ்வொன்றும் 25 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டில் ஏறக்குறையப் பாதி. சிவப்பணு அடியில் பொட்டு மாதிரி உட்கார்ந்து, தட்டைச் சாய்த்ததும் கண்ணீர் போல வழிந்தால் அந்தக் குழியில் சீரம் வைரஸை மடக்கிவிட்டது; பாய் விரித்த மாதிரிப் பரவி நின்றால் வைரஸ் சிவப்பணுக்களைப் பிணைத்து ஜெயித்துவிட்டது. எந்தக் குழி வரை வழிகிறதோ அதுதான் தாளில் வருகிற எண்.

மனிதர்களுக்கான ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் இதே சோதனையில்தான். 1941-இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் கருவுள்ள கோழி முட்டையில் ஃப்ளூ வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தபோது, கிழிந்த ரத்தக்குழாயிலிருந்து கலந்த சிவப்பணுக்கள் கட்டி கட்டியாவதைக் கவனித்தார், அதிலிருந்து வந்தது இது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு தடுப்பூசி சோதனையில் ஆயிரம் பேர், ஒவ்வொருவரிடமும் மூன்று முறை ரத்தம், ஒவ்வொரு சாம்பிளையும் ரெண்டு தடவை பார்க்க வேண்டும் என்றால் 6,000 வரிசை, 750 தட்டு, 72,000 குழி. ஒவ்வொரு குழிக்கும் குறைந்தது மூன்று முறை ஊற்ற வேண்டும். கையால் செய்தால் கட்டைவிரல் வீங்கிப்போகும், மதியம் மூணு மணிக்கு மேல் எந்தக் குழியில் விட்டோம் என்றே மறந்துவிடும். அதனால்தான் எட்டு பிப்பெட்டை, அதாவது திரவத்தை அளந்து உறிஞ்சி ஊற்றுகிற குழாயை, ஒரே கையில் கட்டினாற்போல ஒரு இயந்திரம் அதைச் செய்கிறது. மச்சான் சொன்ன ரோபோ இதுதான். கை கால் முளைத்து நடக்கிற சமாச்சாரம் ஒன்றுமில்லை.

என்னிடம் ஆலோசனைக்கு வந்து, பிறகு ஹைதராபாத் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்த ஒரு பெண் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ரெண்டு வாரமாக இயந்திரம் ஒரு எரர்கூடக் காட்டவில்லை, ரிப்போர்ட் எல்லாம் பச்சை. ஆனால் அடுக்கி வைத்த தட்டுகளில் ஐந்தாவது வரிசை மட்டும் எப்போதும் ஒரு படி குறைவாக வருவதை இவள் பார்த்திருக்கிறாள். வெவ்வேறு ஆட்களின் ரத்தம், எல்லாருக்கும் ஐந்தாவது வரிசையில் மட்டும் எப்படிக் குறையும்? கழற்றிப் பார்த்தால் ஐந்தாவது பிப்பெட்டின் ரப்பர் வளையம் தளர்ந்து, கொஞ்சமே கொஞ்சம் குறைவாக உறிஞ்சியிருக்கிறது. சீரத்தில் உறைந்த நூல் போல ஒரு இழை கிடந்தாலும் இதே கதைதான், பிப்பெட்டின் நுனி அடைத்துக்கொள்ளும், சாம்பிளுக்குப் பதில் காற்று ஏறும். நுரை இருந்தால் அதையே திரவ மட்டம் என்று இயந்திரம் நம்பிவிடும். கையால் ஆயிரம் குழி ஊற்றிப் பார்த்தவளுக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும். அதனால் உங்கள் மகளிடம் நான் கேட்பது ஒன்றே: முதல் ரெண்டு வருஷம் பிப்பெட்டைக் கையில் பிடிக்கட்டும், அதோடு பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியும் புள்ளியியலும் படிக்கட்டும். ரெண்டும் சேர்ந்த ஆள் கிடைப்பது கஷ்டம், அந்த ஆளைத்தான் தேடுகிறார்கள்.

பயத்துக்கு வருவோம். ராணிக்கெட் டைட்டர் போன்ற சோதனைகளுக்குக் கொல்லப்பட்ட வைரஸே போதும். கொரோனா மாதிரி உயிருள்ள வைரஸை வைத்துச் செய்கிற வேலை மூன்றாம் நிலைப் பாதுகாப்பு லேபில் நடக்கும், காற்று உள்ளேதான் இழுக்கப்படும், வெளியே வருகிற எதுவும் கிருமிநீக்கம் ஆகித்தான் வரும். எபோலா போன்றவற்றுக்கான நான்காம் நிலை லேப் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது, அங்கே புதுப் பட்டதாரியை யாரும் விடமாட்டார்கள். ஒரு வேடிக்கை, ரோபோவை ஆட்டோகிளேவில், அதாவது நீராவியில் வேகவைத்துக் கிருமி கொல்கிற பெட்டியில், வைக்க முடியாது, சர்க்யூட் வெந்துபோகும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி மாதிரி ஏதாவது விட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் சர்வீஸ் ஆள் உள்ளே வர முடியும். ஆகவே உள்ளே வேலை பார்ப்பவருக்கே சின்ன ரிப்பேர் தெரிந்திருந்தால் மவுசு தனி.

படிப்பு. பி.டெக். பயோடெக் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் நல்ல லேப் உள்ள கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அதற்கு மேல் புனே நிறுவனத்திலேயே எம்.எஸ்சி. வைராலஜி இருக்கிறது. மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை உதவியோடு நடக்கிற எம்.எஸ்சி. இடங்களுக்கு கேட்-பி (GAT-B) என்கிற நுழைவுத் தேர்வு. "லேப் ஆட்டோமேஷன் சான்றிதழ், மூன்று மாதம், அறுபதாயிரம்" என்று யாராவது கூப்பிட்டால் தயவுசெய்து கட்டிவிடாதீர்கள். ஓப்பன்ட்ரான்ஸ் என்கிற ரோபோவுக்கான பைத்தான் மென்பொருள் இலவசம், ரோபோ இல்லாமலேயே வீட்டு லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாம்.

சம்பளத்தில் பொய் சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் ஐ.டி.க்குப் போன பக்கத்து வீட்டுப் பையனைவிடக் குறைவாகத்தான் இருக்கும், எம்.எஸ்சி. இல்லாமல் மேலே போவதும் சிரமம். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இருக்கிறது, ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பூசி நிலையம் 1932-லிருந்து, ஆனாலும் வேலை அதிகம் இருப்பது ஹைதராபாத்திலும் புனேயிலும்தான். மகளை அவ்வளவு தூரம் அனுப்ப மனசு வருமா என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள், கோர்ஸ் முடிந்த பிறகு "வேண்டாம் கண்ணு" என்றால் அது பெரிய பாவம்.

கவுன்சிலிங்குக்கு முன்னால் ஒரு நாள், உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அனுமதி கேட்டு, இல்லாவிட்டால் நீங்கள் வழக்கமாக அனுப்புகிற லேபுக்கே, அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தட்டைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். போகிற போக்கில் உங்கள் பண்ணை சாம்பிளையும் எடுத்துக்கொண்டு போனால் அந்த வேலையும் முடிந்துவிடும்.