தெருவுல நிக்கிற புது பைக்குக்கு டிஸ்க் லாக்கும் கவரும் மட்டும் போதுமா?

கேள்வி: அண்ணா, திருவான்மியூர்ல ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கேன். கேட்டுக்குள்ள ஹவுஸ் ஓனர் கார் நிக்குது, அதனால புதுசா எடுத்த கிளாசிக் 350-ஐ தெருவுலதான் விடணும். கடலும் பக்கம், மழையும் வரப்போகுது. டிஸ்க் லாக் போட்டு கவர் மாட்டினா போதுமா?

பதில்: போதாது தம்பி. ஆனா பயப்படாதீங்க, பெரிய செலவு இல்லாமலே பண்ணிக்கலாம்.

மொதல்ல ஹேண்டில் லாக்க நம்பி தூங்காதீங்க. அது உள்ள ஒரு சின்ன பின்னு, அவ்ளோதான், பலமா எட்டி உதைச்சா போச்சு, அப்புறம் சாவியே வேணாம், பின்னாடி இன்னொரு வண்டியில வர்றவன் காலால தள்ளிக்கிட்டே தெருமுனை தாண்டிருவான். டிஸ்க் லாக், அதாவது பிரேக் டிஸ்க்ல மாட்டுற பூட்டு, இதத் தடுக்கும், அதனால போடுங்க, அலாரம் உள்ளதா வாங்குங்க, கூடவே கலர் கேபிள் ஒண்ணு குடுப்பாங்க, அத லாக்ல இருந்து ஹேண்டில் வரைக்கும் கண்டிப்பா மாட்டுங்க. காலையில அவசரத்துல லாக்க மறந்து வண்டிய நகத்தி, காலிப்பர் (டிஸ்க்கப் பிடிக்கிற பிரேக் பாகம்) அடிவாங்கி வர்ற வண்டி மாசத்துக்கு ஒண்ணாவது பாக்குறேன்.

ஆனா டிஸ்க் லாக் வீல் சுத்துறதத்தான் நிறுத்தும், வண்டிய தரையோட கட்டாது. உங்க வண்டி 195 கிலோ, யாரு தூக்கப்போறான்னு நெனைப்பீங்க, நாலு பேரு சேந்தா மினி டெம்போவுல ஏத்திரலாம். அதனால ஹவுஸ் ஓனர்கிட்ட பேசி, காம்பவுண்டு சுவர் அடியில கான்கிரீட் போட்டு ஒரு இரும்பு வளையம் பதிச்சுக்கோங்க, வெல்டிங் பட்டறையில சொன்னா செஞ்சு குடுப்பாங்க. 10 எம்எம்-க்கு கொறையாத செயின் பூட்டு வாங்கி, பின் வீல்லயும் சேஸிஸ்லயும் சேத்து கோத்து அந்த வளையத்துல பூட்டுங்க. செயின் தரையில கெடக்கக் கூடாது, தரையில அண்ட வச்சு சுத்தியலால அடிச்சா சீக்கிரம் விட்டுரும். தயவுசெஞ்சு கரண்ட் கம்பத்துல மட்டும் கட்டாதீங்க, மழையில லீக்கேஜ் இருந்தா வண்டிய தொட்டவன் உயிருக்கே ஆபத்து. ஜிபிஎஸ் நல்லதுதான், ஆனா அது போன வண்டியத் தேடத்தான் உதவும், போகாம தடுக்காது.

அடுத்து கவர். வெயிலுக்கும் காக்கா எச்சத்துக்கும் கவர் ரொம்ப நல்லது, என்ன வண்டின்னு தெருவுல போறவன் கண்ணுல படாம இருக்கும், அதுவும் ஒரு லாபம். ஆனா ஈர வண்டி மேல கவர் போட்டா ஈரம் உள்ளயே நின்னு ராத்திரி முழுக்க துரு ஏறும், மழைத்தண்ணிய விட இதுதான் வண்டிய அதிகமா தின்னும். தொடச்சு, சைலன்சர் ஆறுனப்புறம் போடுங்க. காத்து அடிக்கிற நாள்ல கவர் பாய்மரம் மாதிரி காத்த வாங்கி சைடு ஸ்டாண்டுல நிக்கிற வண்டிய சாச்சிரும், அதனால மெயின் ஸ்டாண்டு, அடியில பெல்ட் கட்டணும். தென்னை மரத்தடி வேணவே வேணாம்.

கடல் பக்கம் வேற ஒரு தொல்லை, உப்புக் காத்து. ஸ்போக்ஸ் கம்பி ரிம்மோட சேர்ற எடத்துல நிப்பிள் இருக்கும் பாருங்க, அங்க விரல வச்சுத் தேச்சா செம்மண் கலர்ல பொடி ஒட்டுச்சுன்னா துரு ஆரம்பிச்சாச்சு, ஸ்போக்ஸ் வண்டியில துரு சீக்கிரம் வர்ற எடத்துல அதுவும் ஒண்ணு. வாரம் ஒரு தடவ நல்ல தண்ணியில கழுவி, காயவச்சு, துணியில லேசா ஆயில் தொட்டு அந்த நிப்பிள்களயும் போல்டு நட்டுகளயும் தொடச்சு விடுங்க. டிஸ்க் மேல ஒரு சொட்டு கூடப் படக்கூடாது, பிரேக் பிடிக்காது. 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவ வண்டியோட செயினுக்கு லூப் ஆயில் போடுங்க, மழையில ஓட்டுனா அன்னைக்கே. பெட்ரோல் டேங்க் மூடிய தொறந்து, அந்தப் பள்ளத்துல இருக்கிற சின்ன வடிகால் ஓட்டைய மண்ணு அடைச்சிருக்கான்னு பாருங்க, அடைச்சா மழைத்தண்ணி டேங்குக்குள்ள எறங்கும், இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல்ல தண்ணி சேந்தா அடியில தனியா தங்கி வண்டி மக்கர் பண்ணும்.

இப்போ முக்கியமானது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ தெருவுல தண்ணி நின்னுச்சே, வடிஞ்சதும் நெறைய பேர் செஞ்ச தப்பு ஒண்ணுதான், ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்க செல்ஃப் அடிச்சாங்க. இஞ்சினுக்குள்ள பூந்த தண்ணிய பிஸ்டனால அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். சும்மா விட்டிருந்தா ஆயில் மாத்தி, பிளக் கழட்டி, காயவச்சு முடிஞ்சிருக்கும். அதனால வண்டி முங்குச்சுன்னா சாவியே போடாதீங்க, பேட்டரி நெகட்டிவ் வயரக் கழட்டுங்க, தண்ணி நின்ன அளவு தெரியற மாதிரி போட்டோ எடுங்க, இன்சூரன்ஸுக்கு போன் போடுங்க, தள்ளிக்கிட்டே சர்வீஸுக்கு கொண்டு போங்க. ஆயில் எறக்கும்போது பால் கலந்த டீ மாதிரி வந்தா தண்ணி உள்ள போயிருக்குன்னு அர்த்தம்.

இன்சூரன்ஸ்ல ஒரு விஷயம் பலருக்குத் தெரியல. 2018 செப்டம்பர்ல இருந்து புது பைக்குக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி (உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ்) கட்டாயம், அதப் பாத்துட்டு 5 வருஷம் கவலையில்லன்னு இருந்துடறாங்க. திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் பணம் வர்றது ஓன் டேமேஜ், அதாவது உங்க சொந்த வண்டிக்கான இன்சூரன்ஸ்ல இருந்து, அது பெரும்பாலும் 1 வருஷத்துக்குத்தான் இருக்கும், முடிஞ்சா நீங்கதான் போடணும். இஞ்சினுக்குள்ள தண்ணி பூந்து கெட்டாலும் பணம் தர்ற இஞ்சின் ப்ரொடெக்ட் சேத்துக்கோங்க, உங்க ஏரியாவுக்குத் தேவை. ஒருவேள வண்டி போயிருச்சுன்னா ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் ரசீதோட (புகார் வாங்கிக்கிட்டதுக்குத் தர்ற சீட்டு) திரும்பாதீங்க, எஃப்ஐஆர் கேட்டு வாங்குங்க, அன்னைக்கே இன்சூரன்ஸுக்கும் சொல்லுங்க. க்ளெய்ம் அப்போ ஒரிஜினல் சாவி ரெண்டையும் கேப்பாங்க, ஒண்ணு இல்லன்னா இழுத்தடிப்பாங்க, அதனால ரெண்டாவது சாவிய பீரோவுல ஆர்சி ஜெராக்ஸோட ஒரு கவர்ல போட்டு வைங்க. பாலிசியில ஓன் டேமேஜ் முடியற தேதிய இன்னைக்கு ராத்திரியே பாத்து போன் காலண்டர்ல ஏத்திருங்க தம்பி.