ஜக்கூரில் இன்ஜின் சூடு: கேள்வி பதில்

பெங்களூரின் ஜக்கூர் விமானத்தளத்தில் பறக்கக் கற்கும் தமிழ் மாணவர்களின் கேள்விகள். பதில் சொல்பவர் ஒரு மூத்த பயிற்றுநர்.

மேடம், ஏப்ரல் மதியம் செஸ்னா 172 பயிற்சி விமானத்தில் மேலே ஏறும்போது சிலிண்டர் ஹெட் (இன்ஜின் சிலிண்டரின் தலைப்பகுதி) சூடு 430 ஃபாரன்ஹீட் காட்டுகிறது. லிமிட் 500தானே, விட்டுவிடலாமா?

விடாதீங்க. 500 என்பது இன்ஜினைத் தயாரிக்கும் லைகோமிங் நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு, அங்கேயே குடியிருக்கச் சொன்ன இடம் இல்லை. அலுமினியம் சூடேற ஏற பலம் இழக்கும். நெடுநேரம் 400-க்குக் கீழே வைப்பதுதான் இன்ஜினுக்கு நல்லது. ஜக்கூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. 35 டிகிரி செல்சியஸ் வெயிலில் அங்கே காற்று 6,000 அடியில் இருப்பது போல மெலிந்துவிடும். விமானம் மெதுவாக ஏறும், குளிர்விக்கும் காற்றும் குறையும். தடைகளைத் தாண்டிப் பாதுகாப்பான உயரம் வந்ததும் மூக்கைத் தாழ்த்துங்கள்; 74 நாட் (knot) வேகத்தில் ஏறுவதை 85 நாட் ஆக்கினாலே வித்தியாசம் தெரியும். கையேடு சொல்வதற்கு மேல் மிக்சரை லீன் செய்யாதீங்க, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறைக்காதீங்க. ஏறும்போது உபரி எரிபொருளும் சூட்டைக் குறைக்கிறது.

ஒரு சிலிண்டர் மட்டும் சூடானால்?

பேஃபிளின் (காற்றைச் சிலிண்டர்கள் பக்கம் திருப்பிவிடும் தகடு) ரப்பர் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். காற்று அந்த இடுக்கு வழியே தப்பித்துவிடும். அதற்கப்புறம், சிலிண்டருக்கு எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டரில் அடைப்பு இருக்கிறதா என்று.

ஆயில் டெம்பரேச்சர் ஏறினால், மேடம்?

உடனே பிரஷரைப் பாருங்கள். சூடு ஏறி பிரஷரும் இறங்கினால் இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். கிட்டத்தில் இறங்க இடம் தேடுங்கள். பிரஷர் சரியாக இருந்தால் சென்சார் கோளாறாகவும் இருக்கலாம், ஆனாலும் விமான நிலையம் பக்கம் திரும்பிவிடுங்கள்.

அக்கா, எங்களுடையது ரோட்டாக்ஸ் 912 இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்தபின் சூடேற எவ்வளவு நேரம் காத்திருப்பது?

நேரத்தைப் பார்க்காதே தம்பி, ஆயில் 50 செல்சியஸ் தொடட்டும். அதற்கு முன் பவர் கொடுக்காதே.

பறக்காத வாரங்களில் தரையில் பத்து நிமிடம் ஓட்டிவைத்தால் போதுமா?

போதாது, அது கெடுதலும்கூட. எரியும்போது உண்டாகும் நீராவி கொஞ்சம் ஆயிலில் சேரும். அரைகுறைச் சூட்டில் அது வெளியேறாமல் அமிலத்தோடு உள்ளேயே தங்கும். லைகோமிங்கில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கிரேங்க்ஷாஃப்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) மேலே இருப்பதால் ஆயில் வடிந்து துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். ஆயில் சுமார் 80 செல்சியஸில் நிற்கும்படி ஒரு மணி நேரமாவது பறந்துவிட்டு வாங்க.