மழை நாளில் எட்டு விருந்தாளிகள்

தங்கச்சி, கொழும்பிலிருந்து மாமா குடும்பம் எட்டுப் பேர் மூன்று நாளைக்கு வருகிறார்கள், ஹட்டனில் மழை விடவில்லை, வீடெல்லாம் சேறு, கம்பளியில் பூஞ்சண வாடை என்று எழுதியிருந்தீர்கள். நான் தலவாக்கலைப் பக்கம். மே முதல் செப்டம்பர் வரை, தென்மேல் பருவமழையில், எங்கள் வீட்டுக் கதையும் இதேதான்.

முழு வீட்டையும் கழுவ இறங்காதீர்கள். இந்தக் குளிரில் கழுவிய சீமெந்துத் தரை லேசில் காயாது. தும்புத்தடியால் கூட்டி, இறுக்கிப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். உண்மையான சண்டை வாசலில்தான். வெளியே ஒரு பழைய சாக்கு, உள்ளே இன்னொன்று, பக்கத்தில் செருப்பு வைக்க ஒரு பலகை. போன வருசம் என் மச்சான் சப்பாத்தோடு நேராகக் குசினிக்குள் போய்விட்டார். ஐந்து சேற்றுத் தடம். ஒன்றில் அட்டை நெளிந்துகொண்டிருந்தது!

கம்பளியை இன்றே எடுங்கள். வெயில் தலைகாட்டினால் வெளியே, இல்லாவிட்டால் விறகடுப்புக்கு எட்டத்தில் கொடி கட்டிப் போடுங்கள். புகை வாடை கொஞ்சம் ஏறும். பூஞ்சண வாடைக்கு அது எவ்வளவோ மேல். குளியலறை டைல் பூஞ்சணத்துக்கு வினாகிரி தெளித்து, ஒரு மணி நேரம் விட்டுத் துடையுங்கள். அதோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

அப்புறம், தேத்தண்ணிக் கோப்பை கழுவும் வேலையை வரும் பிள்ளைகளிடம் கொடுங்கள். வெட்கப்பட வேண்டாம். எட்டுப் பேர், நாளைக்கு மூன்று தரம் என்றாலே 24 கோப்பை.