ஓவியக் கூடத்தின் இணைய வகுப்பு: பணம் கட்டும் முன்

கேள்வி: எங்கள் பள்ளியின் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நான்கு இணைய வகுப்புகள் நடத்துவதாக வெளியூர் ஓவியக் கூடம் ஒன்று விவரம் அனுப்பியுள்ளது. தலைக்கு 400 ரூபாயை முழுவதுமாக முன்னதாகவே கட்ட வேண்டும் என்றும், எக்காரணத்தாலும் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்றும் சொல்கிறார்கள். சேரலாமா?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், தக்கலை

பதில்: சேரலாம், ஆனால் எதற்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஓவியங்களைத் திரையில் காண்பது மட்டுமே நோக்கமென்றால் செலவே தேவையில்லை. மத்திய அரசின் ‘மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா’ தளத்தில் புதுதில்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் படைப்புகளை இலவசமாகப் பார்க்கலாம்; ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன் படங்களைப் பெரிய அளவில் தரவிறக்கிக்கொள்ளவும் இடமளிக்கிறது. கட்டணத்துக்கு உரியது, பிள்ளைகளின் கேள்விக்கு அங்கேயே விடை சொல்லும் ஆசிரியர்தான். லண்டன் நேஷனல் கேலரி தொடக்கப் பள்ளிகளுக்கு நடத்தும் ‘டேக் ஒன் பிக்சர்’ திட்டத்தில், ஒரே ஓவியத்தை அடிப்படையாகக் கொண்டு மாணவர்கள் தாமாகப் படைக்கிறார்கள். நான்கு வகுப்பில் நூறு ஓவியங்கள் என்று உங்களுக்கு வந்த விவரத்தில் இருந்தால், அது வெறும் படக்காட்சி.

பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதன் சுவரோவியங்களை ஒட்டி ஒரு வகுப்பை அமைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடம்தான் என்று பதில் வந்தால், கட்டணத்தைக் குறைக்கச் சொல்வது நியாயமே.

வகுப்பெடுப்பவர் யார், தமிழில் நடக்குமா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், பிள்ளைகளின் முகம் பதிவு செய்யப்படுமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் மின்சாரமோ இணையமோ தடைப்பட்டால் மாற்று நாள் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்பாது என்ற வரி எல்லாவற்றையும் மூடிவிடாது. நீங்களாக விலகினால் அது உங்களுக்கு எதிராக நிற்கலாம். ஆனால் குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளோ, அப்படிக் குறிக்காதபோது 30 நாட்களுக்குள்ளோ திருப்பித் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறையாகும். ஆகவே பணத்தை வங்கி வழியே செலுத்தி, கழகத்தின் பெயரில் ரசீது வாங்குங்கள்.

தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை முதலில் அழையுங்கள். அதில் தீராவிட்டால், கூடம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடமளிப்பதால், நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.