மைனஸ் இசட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்: ஆர்சிங்க் கேள்வி-பதில்

கேள்வி: தினமும் இரவில் ஆர்சிங்க் (இரு இடங்களின் ஃபைல்களை ஒத்தாற்போல் வைக்கும் புரோகிராம்) மூலம், மைனஸ் இசட் போட்டு, இன்னொரு கணினியில் மிரர், அதாவது அச்சுப் பிரதி, எடுக்கிறோம். பெரிய ஃபைல் வந்ததும் 'டிஃப்ளேட் ஆன் டோக்கன் ரிட்டர்ன்டு 0' என்று சொல்லி, எரர் கோடு 12 காட்டி நின்றுவிடுகிறது. டிஸ்க்கில் இடம் இருக்கிறது.

பதில்: கோடு 12, இரு முனைக்கும் இடையே பேச்சு முறிந்துவிட்டது என்பதை மட்டும்தான் சொல்லும். துப்பு அதற்கு முந்தைய வரியில் இருக்கிறது. மைனஸ் இசட் என்பது தரவைச் சுருக்கி அனுப்பச் சொல்லும் ஆப்ஷன். முதலில் அதே கமாண்டை அது இல்லாமல் ஓட்டுங்கள். முழுதாக ஓடி முடிந்தால் கோளாறு சுருக்கத்தில்தான்.

ஆர்சிங்க் தன் மூலநிரலுக்குள்ளேயே இசட்லிப் என்ற சுருக்க நூலகத்தின் ஒரு பிரதியை வைத்திருக்கிறது. அதையும் தன் தேவைக்கு மாற்றியிருக்கிறது. மறுமுனையில் ஏற்கெனவே உள்ள துண்டுகளை அனுப்பாவிட்டாலும், அடுத்து வருவதை நன்றாகச் சுருக்க அவற்றை நினைவில் ஏற்றிக்கொள்வதற்கான மாற்றம் அது. சிஸ்டத்தில் பொதுவாக இருக்கும் இசட்லிப்பில் இந்த வசதி கிடையாது. அதோடு பில்ட் செய்த பழைய ஆர்சிங்க்குகள், எளிதில் சுருங்காத தரவு வரும்போது பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) இடம் போதாமல் இப்படி விழுந்துவிடும். இரு முனையிலும் வெர்ஷனைப் பாருங்கள். 2020-இல் வந்த 3.2.0 முதல் எந்தச் சுருக்கமுறை என்பதை இரு பக்கமும் பேசி முடிவு செய்துகொள்கின்றன. இசட்எஸ்டிடி, எல்இசட்4 என்ற புதிய சுருக்கமுறைகளும் அதில்தான் சேர்ந்தன. இரண்டையும் அதற்கு மேல் கொண்டுவருவதுதான் நிரந்தரத் தீர்வு.

கேள்வி: 'ஓல்டு-ஸ்டைல் கம்ப்ரெஸ்' (பழைய பாணிச் சுருக்கம்) இல்லை, இரட்டை இசட் போட்டுப் பார் என்று ஆர்சிங்க் சொல்கிறதே?

பதில்: அது சொல்வதைச் செய்யுங்கள். மேலே சொன்ன அதே சிக்கலைத்தான் 3.1 வரிசை முன்கூட்டியே கண்டுபிடித்து எச்சரிக்கிறது.

கேள்வி: இசட்லிப்பை 1.2.12-க்கு அப்டேட் செய்துவிட்டேன். சிவிஇ-2018-25032 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டை இனி ஆர்சிங்க்கைப் பாதிக்காதுதானே?

பதில்: அப்படி நம்பிவிடாதீர்கள். சுருக்கும்போதே மெமரியைக் கெடுக்கக்கூடிய ஓட்டை அது. 2018-இலேயே திருத்தம் எழுதியும், 2022 மார்ச்சில்தான் வெளியீடாக வந்தது. உங்கள் ஆர்சிங்க் உள்ளே பதிந்த பிரதியைப் பயன்படுத்தினால் சிஸ்டம் அப்டேட் அதைத் தொடாது. ஒரு புரோகிராம் எந்தெந்த சிஸ்டம் நூலகங்களைப் பயன்படுத்துகிறது என்று எல்டிடி கமாண்ட் தரும் பட்டியலில் லிப்-இசட் (இசட்லிப்பின் ஃபைல் பெயர்) வரவில்லையென்றால் உள்பிரதிதான். அந்தப் பிரதிக்குத் திருத்தம் 3.2.4-இல் வந்தது. டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் பழைய வெர்ஷன் எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்ப்பதுண்டு. அதனால் பேக்கேஜின் சேஞ்ச்லாக்கையும் (மாற்றக் குறிப்பையும்) படியுங்கள்.

கேள்வி: ஒரே ஆபீஸ் நெட்வொர்க்கில் வீடியோ ஃபைல்கள். மைனஸ் இசட் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே சுருங்கிய ஃபைல்கள், சிபியுதான் வீணாகும்.

கேள்வி: பாதியில் விழுந்த இரவுகளில் மிரரில் கெட்ட ஃபைல் புகுந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பெரும்பாலும் இருக்காது. புள்ளியில் தொடங்கும் தற்காலிகப் பெயரில் எழுதி, முழு ஃபைலின் செக்சம்மும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போன பிறகுதான் ஆர்சிங்க் உண்மையான பெயருக்கு மாற்றும். ஆனால் இன்பிளேஸ் ஆப்ஷன் போட்டிருந்தால் பழைய ஃபைலின் மேலேயே எழுதியிருக்கும். பாதி பழையது, பாதி புதியதாக நிற்கலாம். அப்படியானால் மைனஸ் சி (செக்சம்மை வைத்து ஒப்பிடும்), மைனஸ் என் (எதையும் எழுதாது) இரண்டையும் சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். வேறுபடும் ஃபைல்களைப் பட்டியலிட்டுக் காட்ட மைனஸ் ஐ-யும் சேருங்கள்.